புதன்கிழமை நாலு மணிக் காத்து

— வேண்டாம் கிரிஜா. வெயில் நாப்பத்தொண்ணு. பாஷாண் பக்கம் ரெண்டு குன்று எரிஞ்சுட்டு இருக்கு. இந்த நேரத்துல சந்தானத்துக்கிட்ட விளையாடாதே.

— விளையாட்டா? ஆஸ்பத்திரியில சந்துரு பக்கத்துல மூணு நாள் உட்கார்ந்திருந்தது நான். நெஞ்சு பூரா புகை அவனுக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம கேன்ல தண்ணி தூக்கிட்டுப் போய் டேக்டிக் குன்று மேல வேம்பு வளர்த்தவன் என் தம்பி. அந்த மரங்களைக் காப்பாத்தத்தான் ஈரச் சாக்கை எடுத்துட்டு ஓடினான்.

— தெரியும்மா. எனக்கும் மச்சினன்தானே.

— தீ குன்றடியில இருக்கற சந்தானத்தோட வேலியோரம் ஆரம்பிச்சுதுன்னு வாட்ச்மேன் சொன்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஒரு வருஷமாச்சு. இப்ப அவனே, 'புல்லை எப்பக் கொளுத்தலாம்'னு என்கிட்ட கேக்க வர்றான். விடுவேனா?

— என்ன சொல்லப் போறே?

— இந்தா, நோட்டுல இருக்கு பாருங்க. புதன்கிழமை, பத்தரை.

— பத்தரைன்னா...

— லண்டன் நேரம். முப்பது வருஷம் வானிலை ஆபீஸ்ல அப்படி எழுதின கை, ரிட்டயர் ஆனா மாறிடுமா? அஞ்சரை மணி கூட்டிக்கோங்க. சாயங்காலம் நாலு. அதுவரைக்கும் இலை அசையாது. நாலு மணிக்குக் காத்து குன்றுலேர்ந்து நேரா அவன் வீட்டு மேல இறங்கும். பார்த்துப் பார்த்து மரத்தால கட்டியிருக்கானே, அந்த வீட்டு மேல.

— உள்ள ஆள் இருப்பாங்க.

— அன்னிக்குக் குன்று மேலயும் ஆள் இருந்தான்.

— கிரிஜா...

— லிஃப்ட் நிக்குது. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. வாங்க சந்தானம், உட்காருங்க. காப்பி எடுத்துக்கோங்க.

— எதுக்குங்க்கா சிரமம். ஒண்ணுமில்லீங்க, மேல இருந்து தீ இறங்கறதுக்கு முன்னாடி வேலிக்கு அந்தண்டை இருக்கற காஞ்ச புல்லை நாமளே எரிச்சுட்டா வீட்டுக்குப் பயமில்லைன்னு பாக்கறேனுங். பொண்டாட்டி புள்ளைங்க இருக்கற எடமுங்களே. இந்தத் தடவை உங்க வாயாலயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங். போன வருசம் அண்ணன்கிட்ட...

— சந்தானம், காப்பி ஆறுது.

— குடிக்கறேனுங்ண்ணா.

— புதன்கிழமை வைங்க. சரியா சாயங்காலம் நாலு மணிக்கு. காத்து சுத்தமா அடங்கிடும். முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்.

— நாலுங்களா? அந்நேரம் காத்து எந்திரிக்குமேங்க்கா.

— எனக்குத் தெரியாத காத்தா?

— அதுவுஞ்சரிதானுங். நீங்க சொன்னாப் போதும். தம்பி போனதுலேர்ந்து உங்க மொகத்தைப் பாக்கவே எனக்குத் தைரியமில்லீங்க்கா. இன்னைக்கு வந்ததே பெருசு. சரிங்ண்ணா, நான் வர்றேனுங்.

— கதவைச் சாத்துங்க. கேட்டீங்களா, தைரியமில்லையாம். புதன்கிழமை பால்கனியில நாற்காலி போட்டு உட்கார்ந்துடுவேன். எரிஞ்சு முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். ஏன் அழறீங்க? அவனுக்காகவா?

— அவனைக் கூப்பிடு கிரிஜா. கீழே போயிருக்க மாட்டான். புதன்கிழமை வேண்டாம்னு சொல்லு.

— மாட்டேன். ஒரு வார்த்தை கேக்காம கொளுத்தினவன் அவன்.

— கேட்டான்.

— யார்கிட்ட?

— அப்ப நீ ஆபீஸ் கேம்புக்குப் போயிருந்தே. ஃபோன் பண்ணினான். உன் நோட்டைப் பார்த்தேன். 'ஒன்பதரை வரைக்கும் பலத்த காத்து, அப்புறம் அடங்கும்'னு எழுதியிருந்தே. சுவத்துக் கடிகாரத்துல காலை பத்து மணி. 'எல்லாம் அடங்கிடுச்சு, தாராளமா வைப்பா'ன்னு சொன்னது நான்தான். அஞ்சரை மணி கூட்ட மறந்துட்டேன்.