ரேடாருக்குத் தெரியாத வள்ளம்

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த மீனவர் தன் மச்சினனிடம் சொன்னார்:

"பட்டறை இரும்புத்தூளும் கரித்தூளும் தார்ல கலந்து வள்ளத்துக்குப் பூசிட்டேன்."

"எதுக்கு மச்சான்?"

"எல்லை தாண்டுறப்ப நம்ம ரோந்துக் கப்பல் ரேடார்ல தெரியக்கூடாதுன்னுதான். அது விடுற ரேடியோ அலை நம்ம மேல பட்டுத் திரும்புனாத்தான் அதுக்குத் தெரியும். இந்தப் பூச்சு அலையை முழுங்கிரும். சண்டைக் காலத்துல கப்பல்ல இருந்தவரு சொன்னாரு."

"பலிச்சுச்சா?"

"பலிக்காமயா? போன மாசம் பாய் கிழிஞ்சு நடுக்கடல்ல மூணு நாளு கெடந்தோம். குடிக்கத் தண்ணியில்ல. எங்களைத் தேடி வந்த அதே கப்பல் ரெண்டு தடவை எங்க பக்கமாத்தான் போச்சு. நிக்கலை."



"பெறகு பூச்சைச் சுரண்டிட்டீகளா?"

"நல்ல பூச்சை எதுக்குச் சுரண்டணும்? வீசிக் காட்ட வெள்ளை வேட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."