முதல் அழைப்பு நம்முடையது

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் கூச்சலையும் குமுறலையும் ஒரு சின்ன மரச்சுத்தியலால் அடக்கி ஆளுகின்ற, எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவி லொரெட்டா வுகோவிச் அம்மையார் அவர்களே! பனி கொட்டினாலும் பழி கொட்டினாலும் நம் மைதானத்தின் கிழக்கு மாடத்தை விட்டு எழுந்திராத பெரியவர்களே! ஞாயிற்றுக்கிழமை தோறும் நனைந்த காலுறைகளோடும் நொறுங்கிய நெஞ்சோடும் வீடு திரும்புகிறவர்களுக்குச் சூடாகச் சூப்பு ஊற்றிக் கொடுத்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்புகின்ற தாய்மார்களே! போர்ட் ஹாலரன் என்னும் இந்த ஏரிக்கரைத் துறைமுகத்தின் தோல்விக்கு அஞ்சாத தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வில்லா ஹொர்வத்தின் மாலை வணக்கம்.

நான் மேடைக்காரி அல்ல. பத்தொன்பது ஆண்டுகளாக நம்முடைய ஸ்டோக்கர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் தேடுகிறவள். ஊர் ஊராகக் கார் ஓட்டி, கல்லூரி மைதானங்களில் குளிரில் நின்று, யார் ஓடுகிறான், யார் ஓடுவதுபோல் நடிக்கிறான் என்று பார்த்துத் தாளில் எழுதிக் கொடுப்பது என் தொழில். என் கால்கள் பேசும். என் வாய்க்குப் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கமின்மையால் இந்த ஊருக்கு நான் செய்த கேட்டையும் இன்று ஒளிக்காமல் சொல்லப் போகிறேன்.

பதினேழு ஆட்டங்கள் ஆடினோம். எத்தனை வென்றோம்? இரண்டு! எத்தனை தோற்றோம்? பதினைந்து! ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? உரக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? நாட்டிலேயே கடைசி அணி நாம். கடைசியாக வந்தவனுக்குத்தான் வீரர் தேர்வில் முதல் அழைப்பு என்பது இந்த விளையாட்டின் சட்டம். நாளை வியாழன் இரவு எட்டு மணிக்கு, கல்லூரி முடித்து வருகின்ற அத்தனை ஆட்டக்காரர்களும் காத்திருக்க, முதலில் ஒலிக்கப்போவது நாம் சொல்லுகின்ற பெயர்.

அந்தப் பெயர் கோல்பி ரென்ஷா என்று உலகமே முடிவு கட்டிவிட்டது. பந்தை அறுபது கஜம் எறிகிறான். பற்பசை விளம்பரத்தில் சிரிக்கிறான். அழகன், ஆற்றல் மிக்கவன், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வாரங்களுக்கு முன்னால் அவனுடைய தந்தை தொலைக்காட்சியில் அமர்ந்து என்ன சொன்னார்? "அந்த ஊர்ல என் பையன் கால் வைக்கமாட்டான். அங்க போனா அவன் வாழ்க்கையே துருப்பிடிச்சிடும்." சொன்னாரா இல்லையா?

(ஆமாம், ஆமாம், கேட்டீர்கள் என்று தெரிகிறது. தலைவி அம்மையார் சுத்தியலை எடுத்துவிட்டார், கொஞ்சம் பொறுங்கள்.)

துரு! எதைப் பார்த்துச் சொன்னார்? இரும்பு இருக்கும் இடத்தில்தானே ஐயா துருப்பிடிக்கும்! இந்த நாட்டின் பாலங்களைத் தாங்கி நிற்கும் இரும்பு எங்கே உருகியது? அவர் அமர்ந்து பேசிய அந்தக் கட்டடத்தின் எலும்பு எங்கே வார்க்கப்பட்டது? இங்கே! இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் கைகளில்!

கோபம் இருக்கட்டும். அந்தப் பேட்டியால் நமக்கு நேர்ந்த இடர் வேறு. ரென்ஷா நம்மிடம் வரமாட்டான் என்று ஊருக்கே தெரிந்ததும், மற்ற அணிகள் நம் முதல் அழைப்பை வாங்க வந்தன. எப்படி வந்தன? தீப்பிடித்த வீட்டில் பாத்திரம் வாங்க வருகிறவர்களைப்போல் வந்தன. "உங்களாலோ அவனை எடுக்க முடியாது, எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், பின்வரிசை அழைப்புகள் இரண்டு தருகிறோம்" என்றார்கள். நம் மேலாளர் ஹார்வி ப்ரென்ட் நல்ல மனிதர், ஆனால் களைத்துப் போன மனிதர். தலையாட்டும் நிலைக்கு வந்துவிட்டார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, முடிவெடுக்கும் அறைக்கு எங்கள் எல்லோரையும் அழைத்தார்.

அந்த அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீண்ட மேசை. பதினோரு ஆண்கள். நான் ஒருத்தி. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்று ரூஃபஸ் டில்லன் என்றொரு இளைஞனின் பெயர் வந்தது.

(அந்தப் பெயரைச் சொன்னதும் முனகுகிறீர்கள். முனகுங்கள், நியாயம்தான்.)

டில்லனை நான் ஆறு முறை நேரில் போய்ப் பார்த்திருந்தேன். இவன் பந்தைப் பிடிக்கிற ஆள் இல்லை, பந்தே இவனைத் தேடி வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அறையில் ஒருவர் "குட்டையா இருக்கான்" என்றார். இன்னொருவர் சிரித்தார். பதினோரு பேரும் தலையசைத்தார்கள். நான் என்ன செய்தேன்? என் முன்னால் இருந்த தாளை மடித்தேன். குனிந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை! அவனை நம் எதிராளி அணி எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை அவன் கையால் நாம் அடிபடுகிறோம்.

கடந்த டிசம்பரில் நம்மைத் தோற்கடித்த கடைசிப் பந்தைப் பிடித்ததும் அவன்தான். ஆட்டம் முடிந்து, உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து நின்றான். நான் வாழ்த்துச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "மேடம், ஆறு தடவை வந்தீங்க. தேர்வு நடந்த அன்னிக்கு உங்க போனுக்குத்தான் உக்காந்திருந்தேன். எங்கம்மா கேக்குல உங்க டீம் கலர்லயே எழுதி வெச்சிருந்தாங்க."

அவன் குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். காருக்குள் போய் உட்கார்ந்தவள், நெடுநேரம் சாவியைத் திருகவில்லை. எதிரணியிடம் தோற்பது விளையாட்டு. எனக்குத் தெரிந்த உண்மையை எடுத்துச் சொல்லாமல் உங்களைத் தோற்கச் செய்தது விளையாட்டா? அறுபதாயிரம் பேர் பனியில் நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருவருக்காவது தெரியுமா, அந்தத் தோல்வியில் ஒரு பங்கு என் மௌனத்துடையது என்று? இன்று தெரிந்துகொள்ளுங்கள். மன்னிக்க முடிந்தவர்கள் மன்னியுங்கள்.

இனி, இந்த ஆண்டின் கதைக்கு வருகிறேன்.

நெப்ராஸ்காவில் புல்வெளிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி. அங்கே தேடியஸ் கிரோன் என்று ஒருவன். வயது இருபத்திரண்டு. எதிரணியில் பந்தை எறிகிறவனைத் துரத்திப் பிடித்துத் தரையில் சாய்ப்பது அவன் வேலை. அவனைத் தடுக்க இரண்டு பேர் வேண்டும். சில நாள் மூன்று பேர். ஆனால் எல்லா அணிகளின் ஏட்டிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரே குறிப்பு: ஆட்டத்தின்மேல் பற்றுப் போதாது. காரணம், அக்டோபரில் மூன்று ஆட்டங்களுக்கு அவன் வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டார்களா? தொலைபேசியில் கேட்டார்கள். சொந்த வேலை என்று பதில் வந்தது. அத்தோடு விட்டார்கள். நான் காரை எடுத்தேன்.

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியில் விசாரித்தால், வடக்கே நாற்பது மைலில் இருப்பான் என்றார்கள். போகப் போக நிலம் கறுத்துக் கிடந்தது. புல்வெளித் தீ. காற்றோடு கைகோத்து, கண் மூடித் திறப்பதற்குள் கால்நடைப் பண்ணைகள் பதினான்கைக் கருக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தக் கரிநிலத்தின் நடுவே, ஆறடி ஐந்தங்குல உருவம் ஒன்று தனியாக நின்று வேலி அடித்துக்கொண்டிருந்தது. அவன்தான். அந்த வட்டாரத்தின் தொண்டர் தீயணைப்புப் படையில் அவனும் ஒருவன். மூன்று நாள் தீயோடு போராடினான். பிறகு அண்டை வீட்டாரின் எரிந்த வேலிகளை ஒவ்வொன்றாக நட்டுக் கொடுக்க நின்றுவிட்டான்.

நான் யார் என்று சொன்னேன். அவன் வேலையை நிறுத்தவில்லை. ஆணி டப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான், பிடித்துக்கொண்டேன். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வேலியைக் காட்டி விளம்பரம் தேடுவதாக ஆகிவிடும் என்றான். பெரிய பெரிய ஆட்கள் பார்க்க வரும் நாளில் ஆட்டத்தை விட்டுவிட்டாயே என்றேன். அதற்கு அவன் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்:

"மேட்ச் அடுத்த சனிக்கிழமையும் வரும்மா. வேலி இல்லேன்னா மாடு ரோட்டுக்கு வந்திடும். லாரிக்காரன் சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குவானா?"

பற்றுப் போதாதாம்! எழுதினவர்களை அந்தக் கரிநிலத்தில் ஒரு மணிநேரம் நிற்கச் சொல்லுங்கள்! தன்னை நம்பியவர்களை விட்டு நகராத நெஞ்சத்தைப் பற்று என்று சொல்லாமல் வேறு எதைப் பற்று என்பது?

பிறகு அவன் என்னைக் கேட்டான். "உங்க டீம் இந்த வருஷம் ரெண்டு மேட்ச் ஜெயிச்சுதாமே?"

"இல்லப்பா, இப்போதைக்கு ஒண்ணுதான்" என்றேன்.

(சிரியுங்கள். அவனும் சிரித்தான்.)

அப்புறமும் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டான். போன ஞாயிற்றுக்கிழமைகூட அறுபதாயிரம் பேர், உறைமழையில், கடைசி நிமிடம் வரை என்றேன். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். அப்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "தோக்கப்போற ஆட்டத்துக்கா?"

"ஆமா."

"அவங்க முன்னாடி ஆடணும்" என்றான். அவ்வளவுதான். மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

தோழர்களே! இந்த நாட்டில் எத்தனை பேருக்கு நீங்கள் கேலிப்பொருள்! எத்தனை வாயில் நீங்கள் ஏளனம்! நெப்ராஸ்காவின் எரிந்த புல்வெளியில் நின்ற ஒருவனுக்கு மட்டும் நீங்கள் பெருமை. அவனை விட்டுவிட்டு இரண்டு பின்வரிசை அழைப்புகளை வாங்கிக்கொண்டு வா என்றால், வருவேனா?

செவ்வாய்க்கிழமை அந்த அறையில் எழுந்து நின்றேன். முதல் அழைப்பை விற்கக்கூடாது, அதில் கிரோனைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அறையில் சிரிப்பு எழுந்தது. இருபதாவது இடத்தில் கிடைப்பவனை முதலிடத்தில் எடுப்பதா என்று கேட்டார்கள்.

(முன்வரிசையில் ஒரு தம்பி அதையேதான் கேட்கிறார்: "அக்கா, அப்ப இருபதாவதா எடுத்தாப் போதாதா?" நல்ல கேள்வி. நம்மிடம் இருபதாவது இடம் இல்லையே தம்பி! நமக்கு அடுத்த முறை வருவது முப்பத்து மூன்றில். சென்ற வாரம் அவனுடைய ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் நம் எதிராளி அணியின் ஆள் உட்கார்ந்து முட்டை தின்றதை நானே பார்த்தேன். இன்னொரு டில்லனை அவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாயா?)

ப்ரென்ட் கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது. "வில்லா, உலகமே நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்றார்.

"பதினஞ்சு மேட்ச் தோத்தப்பவும் சிரிச்சாங்க சார். அதுல நாம செத்தா போயிட்டோம்?"

"அவன் சரியா வரலேன்னா?"

"அவனைப் பத்தி நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் உங்ககிட்ட இருக்கு. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் வெளிய போயிடுவேன்."

அவர் என் தாளை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். வேலியைப் பற்றிய பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மேசைமேல் இருந்த தொலைபேசியை எடுத்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ரென்ஷாவின் தந்தையை அழைத்தார். "உங்க பையனைப் பத்திக் கவலையே படாதீங்க. நாங்க அவனைக் கூப்பிடப் போறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

(கைதட்டுங்கள்! ஆனால் எனக்காக வேண்டாம், அவருக்காகத் தட்டுங்கள். மேல்மாடத்தில் ஒளிந்துகொண்டு நிற்கிறார் பாருங்கள்.)

நமக்கு முன்னால் கை நீட்ட எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. அவர் அனுமதியோடு, நாட்டுக்கு நாளை தெரியப்போவதை உங்களுக்கு இன்றே சொல்லிவிட்டேன்.

இனி உண்மையைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு கோப்பை வருமா? வராது. எட்டு ஆட்டம் வெல்வோமா? ஆறு வென்றால் எனக்கு மகிழ்ச்சி. பந்தை எறிய இன்னும் நமக்கு நல்ல ஆள் இல்லை. அவனை இனிமேல்தான் தேட வேண்டும். ஒரு மனிதன் வந்து ஊரை உயர்த்திவிடுவான் என்று பொய் சொல்ல நான் இங்கே ஏறவில்லை. ஆனால் கெஞ்சி ஆள் சேர்க்கும் காலம் முடிந்தது! மூக்கைச் சுளிக்கிறவன் வாசலில் காத்துக் கிடக்கும் காலம் முடிந்தது! வருகிறேன் என்று சொன்னவனோடு தோற்றாலும் தோற்போம். வரமாட்டேன் என்றவனின் காலில் விழுந்து வெல்லமாட்டோம்!

இன்று காலை கிரோனிடம் பேசினேன். நாளை அந்தப் பளபளப்பு மேடைக்கு அவன் போகவில்லை. அவன் பெயர் ஒலிக்கும்போது, தன் பழைய டிரக்கில் வானொலியைக் கேட்டபடி கிழக்கு நோக்கி வந்துகொண்டிருப்பான். தொள்ளாயிரம் மைல். நாளை இரவு உலகம் சிரிக்கப் போவதையும் அதே வானொலியில் அவன் தனியாகத்தான் கேட்பான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மைதானத்தின் தெற்கு வாசலில் வந்து இறங்குவான். வாசலில் யார் இருப்பார்கள் என்று கேட்டான். காவலாளி இருப்பார் என்றேன்.

நான் சொன்னது பொய்யாக வேண்டும். பொய்யாக்குவீர்களா?

(எழுந்து நிற்கிறீர்கள். தலைவி அம்மையாரும் எழுந்துவிட்டார். எனக்கு இது போதும்.)

என் தவற்றையும் என் துணிவையும் ஒரே பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த மண்டபத்தின் அடுக்களையில் நின்றபடியே கேட்ட சகோதரிகளுக்குத் தனியாக நன்றி. இந்த ஊர் வாழ்க, இதன் பிடிவாதம் வாழ்க. வெள்ளிக்கிழமை, ஐந்து மணி, தெற்கு வாசல். வணக்கம்.