மத்தியானத்துப் பலகைகள்

...அதான் சொல்றேன், காலைல நல்லாத்தான் வரும். மரம் செதுக்குற இந்த கம்ப்யூட்டர் மெஷினை காலைல யாரு ஓட்டினாலும் நல்லாத்தான் வரும். நீங்க இப்ப நர்சரி ஸ்கூல் மேஜைக்குச் செஞ்சு அடுக்கி வெச்சிருக்கீங்களே, இதே மாதிரி. விளிம்பைத் தடவினா சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிட்டுப் போகும். பாத்துட்டு நான் ஏன் வாயத் திறக்கலேன்னு நினைச்சிருப்பீங்க. மூணு ஆப்பரேட்டரைப் பாத்தாச்சுண்ணே. மத்தியானம் ஆகட்டும், அப்புறம் சந்தோஷப்படறேன்.

நீங்க சாப்பிடுங்க. நான் பேசுறேன்னு கைய நிறுத்தாதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் எதிர்த்த மெஸ்ஸுக்குப் போயிடுவாங்க. டப்பாவைத் திறந்து இங்கயே உக்கார்ற முதல் ஆளு நீங்கதான். நல்லதுதான், எனக்கும் பேச்சுத்துணை. உங்க சம்சாரம் கட்டிக் குடுத்ததா? நிறையத்தான் குடுத்திருக்காங்க... தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். இங்க வேலை கெடுறதுக்குக் காரணமே அந்த மத்தியானச் சாப்பாடுதான். நான் கண்டுபிடிச்சது. எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு. சிரிச்சுட்டுப் போகட்டும். வயிறு நிறைஞ்சா கை நிதானமா நிக்குமா? நீங்களே சொல்லுங்க.

முதல்ல ஒரு மீசைக்காரரு இருந்தாரு. நல்ல மனுஷன். ஆனா சாப்பிட்டுட்டு வந்தா நடையே மாறிடும். வந்து முதல் பலகையப் போடுவாரு... படி! மேல பலகை தட்டையா வந்துக்கிட்டே இருக்கும், விளிம்புல வளைஞ்சு இறங்கணும்ல, அந்த இடத்துல திடுக்குனு ஒரு படி. நகம் மாட்டும். வெட்டுற பிட்டு அளவைத் தாண்டி இறங்கிடுச்சுன்னு எங்க வீட்டுக்காரரு கத்துவாரு. "காலைல பிட்டு உயரத்துக்கு ஜீரோ வெச்சேன் சார், அதுக்கப்புறம் தொடவே இல்ல சார்"னு மீசைக்காரரு குழந்தைங்க மேல சத்தியம் பண்ணுவாரு. நான் விடுவேனா? "நீங்க தொடலேன்னா மெஷினை வேற யாரு தொட்டா, பேயா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். மறுநாள் வரல.

அப்புறம் ஒரு தம்பி. காதுல எப்பப் பாத்தாலும் இயர்போன். அவன் ஒல்லிப்பிச்சான், ரெண்டு வாய்தான் சாப்பிடுவான். அப்ப சாப்பாட்டுக் கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. அவனுக்குப் பாட்டுண்ணே. பாட்டு கேட்டா கண்ணு சொக்கும். அவன் வேலைல படி விழாது, அதுக்கு நேர் எதிர். வளைவு முழுசா இறங்காது, பாதிதான். மேல முனை கத்தி மாதிரி அப்படியே நிக்கும். ஒருத்தன் கூடுதலா இறக்குறான், ஒருத்தன் இறக்கவே மாட்டேங்குறான்! என்ன தலையெழுத்தோ.

மூணாவது ஒரு சர்ட்டிபிகேட்காரரு. வந்த அன்னிக்கே அதை லேமினேட் பண்ணி சுவத்துல மாட்டிட்டாரு. அந்த ஆணி இன்னும் இருக்கு பாருங்க. அவருக்கு கரண்டு சரியில்ல, பலகை சரியில்ல, மெஷினோட அடிப்பலகை சரியில்ல. சர்வீஸ் ஆளக் கூப்பிட்டோம். அவன் என்னிக்கு வந்தான்? காலைல வந்தான். காலைல எல்லாம் சரியாத்தானே இருக்கும்! அளந்து பாத்தான், ஒரு குறையும் இல்லன்னான், போயிட்டான். சர்ட்டிபிகேட்டும் பின்னாடியே போயிடுச்சு.

என்ன கேட்டீங்க? நேரா அறுக்குற நேர் பிட்டு போட்டு வெட்டுறப்பவா? ம்ஹூம், அப்ப ஒண்ணும் ஆகாது. காலை, மத்தியானம், சாயந்தரம், எப்பவும் சொன்ன பேச்சு கேக்கும். விளிம்பை வளைச்சு விடுற இந்த ரவுண்ட் ஓவர் பிட்டுக்குத்தான் இந்த வியாதி.

கடைசில எங்க வீட்டுக்காரரே ஓட்டினாரு. முதலாளியே இறங்கிட்டாருல்ல, இனிமே பாருங்கன்னு அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லி வெச்சேன். மத்தியானம் முதல் பலகை... படி! என்னைப் பாத்தாரு. நான் என்ன சொல்றது? அவரும்தானே வீட்டுக்குள்ள போய்ச் சாப்பிட்டுட்டு வந்தாரு!

உக்காந்து கையாலேயே தேய்ச்சாருண்ணே. தேய்க்கத் தேய்க்க ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஸ்கூலுக்குக் கொண்டு போனா அந்தப் பெரிய டீச்சரு பையிலிருந்து பஞ்சை எடுத்தாங்களாம். பஞ்சை! விளிம்பு மேல ஓட்டினாங்களாம். மாட்டி நின்னுச்சாம். "இது குழந்தைங்க நெத்தி உயரம் சார், எடுத்துட்டுப் போங்க"ன்னுட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. பழைய மேஜைல இடிச்சு ஒரு குழந்தைக்குப் புருவம் கிழிஞ்சு போச்சாம். நர்சரி ஸ்கூல்ல குழந்தைங்க நடக்குமா? ஓடும்.

திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. இப்ப இவரு நீங்க காலைல செஞ்சதுல ரெண்டைத் தூக்கிட்டு அங்கதான் போயிருக்காரு, மீதியும் இப்படியே இருக்கும்னு சொல்ல. நீங்கதான் கடைசிண்ணே. மறைக்காம சொல்றேன். "இவரும் சரிப்படலேன்னா மெஷினை வித்து லாரில ஏத்திட்டு நான் தம்பி கடைல போய் உக்காந்துடறேன்"னு நேத்து சொல்லிட்டாரு. யாரு தம்பி? என் கொழுந்தன். பெரிய பர்னிச்சர் கடை. கல்லால யாரு? என் ஓரகத்தி. இவரு டப்பாவைத் தூக்கிட்டு உள்ள நுழையணும், அவ கண்ணாடிய மூக்குல இறக்கிவிட்டு, "வாங்க மாமா, வெயில் ஜாஸ்தியா?"ன்னு கேக்கணும். அதை நான் உயிரோட இருந்து பாக்கணும். வேணுமா எனக்கு?

இருங்க, பேச்சுல மறந்துட்டேன், இதை முடிச்சிடறேன். மெயின் ஆஃப்லதான் இருக்கு, பயப்படாதீங்க. ரெண்டு ஸ்பானரும் எங்க... ஆங். ஒண்ணு புடிச்சுக்கறதுக்கு, ஒண்ணு திருப்பறதுக்கு. யாரும் சொல்லித் தரல, பாத்துப் பாத்து நானே கத்துக்கிட்டேன். பாத்தீங்களா, எவ்வளவு லேசா வருது!

பிட்டைத்தான் கழட்டறேன். வேற என்ன? தினமும்தான். அட, நேர் பிட்டெல்லாம் எங்க வேணா கிடைக்கும், அது கெடக்கட்டும். இது இவரு அலைஞ்சு திரிஞ்சு வாங்கினது. இதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, சாப்பாட்டு நேரத்துல காணாமப் போச்சுண்ணே. கதவு திறந்து கெடக்கு, யாரு வர்றா யாரு போறான்னு தெரியுதா? எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன்! அப்புறம் அது இவரு சட்டைப் பையோட வாஷிங் மெஷின்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு, அது வேற விஷயம். அன்னிலேர்ந்து சாப்பாட்டு நேரம் ஆனா கழட்டி என்னோட இந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டுல வெச்சுடுவேன். உள்ள மெத்து மெத்துன்னு இருக்கும். பிசினு ஒட்டியிருந்தா பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு விடுவேன். அவங்க மெஸ்ஸுலேர்ந்து வர்றதுக்குள்ள மாட்டிடுவேன். வந்து பாத்தா வெச்சது வெச்சபடியே இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? பாதி கூட சாப்பிடலியே. கை கழுவணும்னா அந்தப் பக்கம்... என்னண்ணே இப்படிப் பாக்குறீங்க?

யாருகிட்டயும் சொன்னேனாவா? எதுக்குச் சொல்லணும்? பத்திரமா வெக்கிறதை ஊருக்கெல்லாம் சொல்லுவாங்களா? இவருக்கா? இவருக்குச் சொன்னா, "உனக்கு எதுக்கு இந்த வேலை"ம்பாரு.

எவ்வளவு உள்ள போகுமா? அது... போற வரைக்கும் சொருகுவேன். அப்புறம் முடுக்கிடுவேன். நல்லா இறுக்கமாத்தான் முடுக்குவேன், ஆடவே ஆடாது. தினம் ஒரே மாதிரி இருக்குமான்னா... ஸ்கேலா வெச்சுப் பாக்க முடியும்? ஒரு நாள் கொஞ்சம் மேல நிக்கும், ஒரு நாள் கொஞ்சம் கீழ தொங்கும். அதுல என்ன பெரிசா வந்துடப் போகுது? ஒரு நகத்துக் கனம்...

நகத்துக் கனம்.

அந்தப் படியும் அவ்வளவுதானே இருந்துச்சு.

இந்தாங்க. நீங்களே மாட்டிக்குங்க. ஸ்பானரு ரெண்டும் இந்தாங்க. காகிதமா? அந்த காலண்டர்ல முந்தின மாசத்துத் தாளைக் கிழிச்சுக்குங்க. பலகைக்கும் பிட்டுக்கும் நடுவுல வெச்சு, ஓ... காகிதம் இழுபடாம நிக்கிற வரைக்கும் மெல்ல இறக்கணுமா. அதுதான் ஜீரோவா. காலைலயும் இப்படித்தான் செஞ்சீங்களா. நான் அப்ப பால்காரன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்.

அப்ப பிட்டைக் கழட்டினா ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யணும். சரி, சரி. கேட்டேன், அவ்வளவுதான்.

அந்த மீசைக்காரரு குழந்தைங்க மேல சத்தியம் பண்ணாருண்ணே. ரெண்டு பொண்ணுங்க.

ஸ்கூட்டர் சத்தம் கேக்குதா? அவருதான். அண்ணே... உங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன், ஆனா கூடப் பொறந்தவரு மாதிரி நினைச்சுக் கேக்குறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கம் வருதுங்கறது... அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. அதனால யாருக்கு என்ன நஷ்டம்? நான் இனிமே அந்தப் பக்கமே வர மாட்டேன். இந்தக் கூட்டுல கண்ணாடிய வெச்சுக்கறேன். சொல்ல மாட்டீங்கள்ல? தலையையாவது ஆட்டுங்களேன். இல்ல, வேணாம், ஓட்டுங்க, மெஷினை ஓட்டுங்க, வந்துட்டாரு.

வாங்க. என்ன சொன்னாங்க டீச்சரு? பஞ்சு மாட்டலியா? நான்தான் சொன்னேனே! மீதியையும் பாக்கணுமாமா, பாக்கட்டும். இப்ப மத்தியானப் பலகை ஓடிட்டு இருக்கு. எனக்கென்ன பயம்? நான் ஏன் பேசாம இருக்கேன்? பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். இருங்க, நின்னுடுச்சு. அண்ணன் எடுக்கட்டும். தூசியத் தட்டிட்டுத் தடவிப் பாருங்க. நகம் வெச்சுப் பாருங்க. அந்தப் பக்கமும் பாருங்க. இந்தாங்க பஞ்சு.

ஓடுதுல்ல?

ஓடுதுங்க. மாட்டவே இல்ல.

என்னாச்சுன்னு என்னைக் கேட்டா? அந்த டப்பாவைத் திறந்து பாருங்க. பாதி அப்படியே இருக்கு. வயிறு நிறைஞ்சா கை நிக்காதுன்னு இத்தனை நாளா சொல்றேன், சிரிச்சீங்க. சிரிங்க, இன்னும் சிரிங்க. அண்ணே, உங்க சம்சாரத்துகிட்ட சொல்லுங்க, நாளையிலேர்ந்து கொஞ்சமாவே கட்டிக் குடுக்கட்டும்.