நாற்பத்திரண்டாம் நம்பர் பொம்மை

— பேட்ஜ் இல்லாம யாரு சார் உங்களை உள்ள விட்டது? இது பொம்மை மாநாட்டு ஜட்ஜுங்க ரூம்.

— பேட்ஜ் இருக்கு மேடம். இதோ பாருங்க. பேருதான் எழுதல.

— இது இந்த வருஷத்து பேட்ஜே இல்லையே. ரயில் நிலையம்னு தலைப்பு வெச்சோமே, அந்த மாநாட்டோடது. அஞ்சு வருஷம் ஆச்சு.

— ஆமா மேடம். என் சம்சாரத்தோடது. அது வந்து... அவ அந்த மாநாட்டுக்கு வரல. வந்துட்டுப் போன யார்கிட்டயோ கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டா. இந்தப் பெட்டி பூரா அப்படி வாங்கினதுதான். துணிப்பை, விசிறி, சட்டையில குத்திக்கிற பின்னு, சாப்பாட்டு மேஜையில ஆளுக்கொண்ணு வெப்பீங்களே, குட்டித் தொப்பிப் பெட்டி, அது. எட்டு வருஷத்து சாமான், ஒண்ணு விடல.

— எல்லாம் இருக்கும், மாநாட்டுல குடுக்கற பொம்மை மட்டும் இருக்காது. பொம்மையை யாரும் குடுக்க மாட்டாங்க சார். நானே இத்தனை வருஷத்துல ஒண்ணைக்கூட கையை விட்டு அனுப்பினதில்ல. சரி, விக்கணும்னா வெளி ஹாலுக்குப் போங்க. மூணாவது வரிசையில பழசு எடுக்கறவங்க இருக்காங்க. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை. ஆறு மணிக்கு விருந்து.

— விக்க வரல மேடம். அந்த விருந்து விஷயமாத்தான் வந்தேன். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் படிப்பீங்களாமே. அந்த வருஷம் தவறிப்போன மெம்பருங்க பேரு.

— ஆமா. எல்லாரும் எழுந்து நிப்போம்.

— அதுல ஒரு பேரு சேக்கணும்.

— மெம்பரா இருந்தா தானா வந்திருக்கும். இந்தாங்க, பாத்துக்கங்க. ஏழு பேரு.

— பாத்துட்டேன். வாசல்லயே ஒட்டியிருந்துச்சு. அவ அதுல இல்ல. இருக்கவும் மாட்டா. நீங்கதான் எடுத்துட்டீங்களே. நூல்கண்டுன்னு கூப்பிடுவீங்களாம் அவளை.

— நீங்க... பல் செட் செய்யறவரா?

— ஆமா மேடம்.

— நூல்கண்டு வீட்டுக்காரர்.

— அவ உங்களைக் குண்டூசின்னுதான் சொல்வா. வாயில நாலு குண்டூசியைக் கவ்விக்கிட்டே நாள் பூரா பேசுவீங்களாமே. எப்ப முழுங்கப் போறீங்களோன்னு பயந்துக்கிட்டே இருப்பேன்னு சொல்வா.

— எப்போ?

— மூணு மாசம் ஆகுது. கணையத்துல. கண்டுபிடிச்சு சரியா நாப்பது நாளு.

— நாப்பது நாள்ல ஒரு போன் பண்ணத் தோணலையா உங்களுக்கு?

— பண்ணேன் மேடம். நம்பரைப் போட்டு அவ கையில குடுத்தேன். மணி அடிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டா. ‘அவ எடுத்துட்டா நான் என்னங்க பேசறது’ன்னா.

— உக்காருங்க சார். அந்தத் துணியை எல்லாம் தள்ளிட்டு உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம் மேடம்.

— உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா. ‘என் வீட்டுக்காரர் கட்டின பல்லை சொந்தப் பல்லுன்னு நினைச்சு டாக்டரே பிடுங்கப் பாத்தாரு’ன்னு. சொல்லிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பா.

— அந்தக் கதையை வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவா. எனக்குக் கூச்சமா இருக்கும்.

— எப்ப வந்தீங்க ஊருக்கு?

— நேத்தே வந்துட்டேன். பக்கத்துல ஒரு லாட்ஜ். வரவா வேணாமான்னு காலைலருந்து நாலு தடவை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். மேடம், அந்தப் பேரு... சேத்துடுவீங்களா?

— நான் நினைச்சா மட்டும் ஆகாது சார். திருடினான்னு சங்கத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்த பேரு அது. அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு நானே எழுந்து சொன்னாத்தான் திரும்ப வரும்.

— அதைத்தான் கேக்க வந்தேன். நீங்க சொன்னது தப்புதான்.

— இல்ல சார். அந்த வருத்தம் வேற, இது வேற. உங்க மனசு நோகும், ஆனாலும் நடந்ததைச் சொல்லிடறேன். போன வருஷம் மாநாட்டுல குடுத்த பொம்மைக்கு இந்த வருஷம் டிரஸ் தைச்சுப் போட்டிக்கு வெக்கணும். அதான் இங்க வழக்கம். பொம்மை வாங்கின அன்னிக்கு சாயங்காலமே ஹோட்டல் ரூம்ல உக்காந்து ஒரு கோட்டுக்கு அளவுப் பேப்பர் வெட்டினேன். நூல்கண்டு பக்கத்துக் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டுக் கதை அடிச்சுக்கிட்டிருந்தா. அவ பேச்சு சுவாரசியத்துல இடது ஸ்லீவை அரை விரக்கடை நீளமா வெட்டித் தொலைச்சுட்டேன். மறுநாள்தான் பாத்தேன். கசக்கிக் குப்பைக்கூடையில போட்டுட்டு வேற வெட்டிக்கிட்டேன்.

— ம்.

— அடுத்த வருஷம் அவளோட சாம்பல் கலர் கோட்டு மேடைக்கு வருது. முதல் பரிசு நீல ரிப்பன் அதுக்குத்தான்னு முடிவே ஆயிடுச்சு. பாத்தா என் காலர். என் முதுகு மடிப்பு. இடது ஸ்லீவ் நுனியை மட்டும் அழகா மடிச்சு விட்டிருக்கு. நான் போய் அந்த மடிப்பைப் பிரிச்சேன். அரை விரக்கடை. நீங்களே சொல்லுங்க, நான் குப்பையில போட்ட பேப்பரை எடுக்காம என் தப்பு எப்படி சார் அவ கோட்டுக்குள்ள வரும்?

— அந்தத் தப்பு பொம்மையில இருந்திருந்தா?

— புரியல.

— பாருங்க மேடம். உங்க பொம்மை நாப்பத்தொண்ணாம் நம்பர், அவளோடது நாப்பத்திரெண்டு. முன்னையும் பின்னையும் நின்னு வாங்கினீங்க. ஒரே அட்டைப்பெட்டியிலருந்து எடுத்துக் குடுத்தது. அந்தப் பெட்டியில இருந்த பொம்மைங்களுக்கே இடது கை நீளமா இருந்திருந்தா? பொம்மை மேல பேப்பரைச் சுத்தி வெட்டறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே வரும்? நீங்களும் தப்பா வெட்டல, அவளும் திருடல.

— நாப்பத்திரெண்டைக் கொண்டு வந்திருக்கீங்களா?

— கொண்டு வந்திருக்கேன்.

— எடுங்க. தலையைப் பிடிக்காதீங்க, இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்க. கோட்டு எங்க?

— தனியா மடிச்சு வெச்சிருக்கேன். அளக்க வசதியா இருக்கட்டும்னு.

— என்ன வாசனை இது?

— என்கிட்டருந்து வர்றது மேடம். பட்டறை வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போறதில்ல. ‘உங்களைக் கட்டிக்கிட்டு ஆயுசுக்கும் ஆஸ்பத்திரியில குடியிருக்கற மாதிரி இருக்கு’ம்பா.

— அந்த இன்ச் டேப்பைக் குடுங்க. அது இல்ல, சின்னது. வலது கை... தோள்லருந்து மணிக்கட்டு வரைக்கும் பத்து சென்டிமீட்டர்.

— இடது?

— இருங்க. அவசரப்படாதீங்க.

— அவசரப்படல மேடம்.

— பதினொண்ணு. ஒரு நூல் குறைவு.

— பாத்தீங்களா? அரை விரக்கடை.

— ம். அரை விரக்கடை.

— அவளுக்கு வாய் வல்லமை கிடையாது மேடம். அன்னிக்கு மேடையில நீங்க மைக்குல கேட்டதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசவே இல்ல. சோறு போட்டா சாப்பிடுவா, கூப்பிட்டா திரும்பிப் பாப்பா, அவ்வளவுதான். மூணாம் நாள் மெஷின்ல போய் உக்காந்தா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் என்ன தலைப்புன்னு யார் மூலமாவோ கேட்டுத் தெரிஞ்சுப்பா. அதுக்குத் தைப்பா. போட்டி நடக்கற அன்னிக்கு சாப்பாட்டு மேஜை மேல வெச்சு, என்னை எதிர்ல உக்கார வெச்சு, ‘நீங்கதான் ஜட்ஜு, மார்க் போடுங்க’ம்பா. எனக்கு என்ன தெரியும்? நூத்துக்கு நூறு போடுவேன். ‘உங்களை நம்பி எப்படி மாநாடு நடத்தறது’ன்னு திட்டுவா.

— அதெல்லாம் இந்தப் பெட்டிலயா இருக்கு?

— அடியில இருக்கு. எட்டு டிரஸ்.

— காட்டுங்க.

— இது மழை நாள்னு வெச்சீங்களே, அந்த வருஷத்தோட மழைக்கோட்டு. இது ரயில் நிலையம். டிக்கெட் பரிசோதகர் உடுப்பு. பொத்தான் எல்லாம் என் பட்டறையில வார்த்துக் குடுத்தேன். இது சர்க்கஸ்.

— அடிப்பாவி. இந்தப் பாக்கெட்டைப் பாருங்களேன். ஒரு அரிசி போற அளவுதான் இருக்கு, அதுக்கும் உள்துணி குடுத்திருக்கா. இந்த எட்டு வருஷமும் யார் யாருக்கோ நான் ரிப்பன் குத்தினேன் சார். இது பக்கத்துல ஒண்ணு நிக்குமா! எல்லாமே இந்த நாப்பத்திரெண்டுக்கு அளவெடுத்துத் தைச்சதா?

— இது ஒண்ணுதானே மேடம் அவகிட்ட இருந்துச்சு. வேற பொம்மை வாங்கித் தரேன்னேன். வேணாம்னுட்டா.

— அந்த மழைக்கோட்டை இப்படிக் குடுங்க. ரெண்டு ஸ்லீவையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு...

— என்ன மேடம்?

— ரெண்டு நுனியும் ஒண்ணா...

— என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல. தையல் பாத்தேன். நல்லா தைச்சிருக்கா. ரொம்ப நல்லா தைச்சிருக்கா.

— கண்ணைத் துடைச்சுக்கங்க மேடம்.

— மேடம் மேடம்ங்காதீங்க. எனக்கு நூல்கண்டு அக்கா மாதிரி. நீங்க அண்ணன் முறை இல்ல, மாமா முறை. அந்த முறை எல்லாம் இப்ப எதுக்கு, அண்ணான்னே கூப்பிடறேன். அண்ணா, அன்னிக்கு ரூம்ல வெச்சுக் கேட்டிருக்கலாம். ஒரே ரூம், ரெண்டு கட்டில். ‘ஏண்டி, இது என்னடி’ன்னு ஒரு வார்த்தை. நான் இருநூறு பேரு முன்னால மைக்குல கேட்டேன். எனக்கு ரிப்பன் போயிடுமேன்னு ஆத்திரம். திரும்பி ரூமுக்கு வந்தா அவ பெட்டி இல்ல. சாவி என் தலைகாணி மேல இருந்துச்சு. பக்கத்துல என் குண்டூசி டப்பா. கீழ கொட்டிக் கிடந்ததை எல்லாம் பொறுக்கிப் போட்டு மூடி வெச்சுட்டுப் போயிருக்கா.

— அதை என்கிட்ட சொல்லல அவ.

— அந்த டப்பாவை நான் இன்னும் திறக்கல.

— தங்கச்சி... அது வந்து... கடைசி வாரத்துல அவ என்கிட்ட ஒண்ணு சொன்னா. அதை உங்ககிட்ட சொல்லணுமா வேணாமான்னு மூணு மாசமா...

— வேணாம் அண்ணா.

— இல்ல, நீங்க கேட்டுட்டீங்கன்னா எனக்கும்...

— கட்டின புருஷன்கிட்ட சொன்னது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இன்ச் டேப் சொன்னது போதும். அந்தப் பட்டியலை இப்படித் தள்ளுங்க. பேனா... இந்தாங்க. எட்டாவதா நீங்களே எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க.

— எழுத்து கோணலா வருது.

— மெதுவா எழுதுங்க. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு.

— நீங்க என்ன சொல்வீங்க அங்க?

— அதே மைக்குல சொல்வேன். நாப்பத்திரெண்டாம் நம்பர் பொம்மையை நான் என் கையால அளந்து பாத்தேன், இடது கை நீளம், கோட்டு அந்தப் பொம்மைக்குச் சரியாத்தான் தைச்சிருக்கு. மடிப்பு அழகுக்காக வெச்சது. அளக்காம வாயை விட்டது நான்தான். அவ திருடல.

— அப்புறம் உங்க ஜட்ஜ் வேலை?

— பொம்மையை அளக்காம தீர்ப்பு சொன்னவளை எவ ஜட்ஜா வெச்சுப்பா? போகட்டும். இந்த நாற்காலியில உக்காந்த நாள்லருந்து எனக்குக் கூட ரூம் எடுக்க ஒரு ஆள் கிடையாது அண்ணா. எல்லாரும் மரியாதையா ஒதுங்கிப் போறாங்க.

— யாராவது உங்க நாப்பத்தொண்ணைக் கொண்டு வா, அதையும் அளப்போம்னு கேட்டா? அது எங்க இருக்கு?

— அதுவா... அதை எப்பவோ ஒரு குழந்தைக்குக் குடுத்துட்டேன். நீங்க கவலைப்படாதீங்க.

— உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல தங்கச்சி. மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. அவ பேரை ஒரு தடவை, நல்ல பேரா, அவ ஆசைப்பட்ட ஜனங்க நடுவுல யாராவது சொல்லிட்டாப் போதும்னு...

— அழாதீங்க அண்ணா. நீங்க அழுதா நானும் அழுவேன், அப்புறம் மேடையில குரல் வராது. அந்த பேட்ஜைக் குடுங்க. பேரை எழுதிடறேன். விருந்துல என் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. பொம்மையை நடு மேஜையில வெப்போம்.

— அந்த எட்டு டிரஸ்ஸையும் பக்கத்துல பரப்பி வெக்கலாமா? எல்லாரும் பாப்பாங்களே.

— இன்னிக்கு வேணாம். அதெல்லாம் பெட்டியிலயே இருக்கட்டும். பெட்டியைப் பூட்டி சாவியை நீங்களே வெச்சுக்கங்க. இன்னிக்கு சாம்பல் கோட்டு மட்டும் போதும்.

— சரி, நீங்க சொன்னா சரி. அப்ப கோட்டை இப்பவே போட்டு விட்டுடறேன்.

— இருங்க அண்ணா, இப்ப போடாதீங்க. ஆறு மணி வரைக்கும் அந்த ஃபேன் கீழ வெச்சிருங்க. இடது கையில பெயிண்ட் இன்னும் காயல.