தொள்ளாயிரம் கிராமில் ஒரு கிலோ

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதுதான், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வீட்டில் கடை பிஸ்கட் தட்டில் வைக்கும் நிலை வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் வந்தவருக்கு வெறும் தேநீர் கொடுத்து அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

நீங்கள் தராசைப் பற்றிக் கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எடையளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். இன்று அந்த அலுவலகத்தில் நீங்கள் உட்காரும் நாற்காலி அநேகமாக என்னுடையதாகத்தான் இருக்கும். இடது கை ஆடினால் அதேதான். ஒரு கடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. என் தங்கை கணவரின் கடையில் எடைக்கல் பத்து கிராம் குறைந்தது, அபராதம் போட்டேன். அதற்குப் பிறகு தங்கை இந்தப் பக்கம் வருவதில்லை. எடை எடைதான்.

வீட்டில் நான்கு பேர். என் மகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். மருமகள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வீடு திரும்ப ஆறே முக்கால். பேத்திக்கு ஒன்பது வயது. நாலரைக்குப் பள்ளியிலிருந்து வரும்போதே புத்தகப் பையையும் சேர்த்துத் தின்றுவிடுகிற பசி.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகள் ஒரு முறை வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் வாரம் முழுவதற்கும் நறுக்கி, நிறுத்து, டப்பாக்களில் போட்டு, கிழமை எழுதி ஒட்டி உறைபெட்டிக்குள் அடுக்கிவிடுவாள். திங்கள் பருப்பு சூப். செவ்வாய் முட்டை சாதம். புதன் காய்கறி நூடுல்ஸ். வீட்டுக்குள் நுழைந்து கைப்பையை மாட்டியதிலிருந்து இருபது நிமிடத்தில் மேசையில் சாப்பாடு. குழந்தைக்கு மாலையில் உப்பு பிஸ்கட், ஓட்ஸ் உருண்டை, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குச் சில்லு, எல்லாம் வீட்டிலேயே. ஒவ்வொன்றின் எடையும் குளிர்பெட்டிப் பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட நோட்டில் இருக்கும். சின்ன மின்னணுத் தராசு ஒன்று, நீங்கள் இப்போது பையில் போட்டிருக்கிறீர்களே, அதில்தான் நிறுப்பாள்.

இதற்கெல்லாம் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வைத்ததைச் சாப்பிட்டேன்.

பிறகு, பல் வலி என்று மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்மணி, காத்திருந்த நேரத்தில் மருமகளின் மேசையிலிருந்த உப்பு பிஸ்கட்டை ஒரு பக்கப் பல்லால் கடித்துப் பார்த்தார். அவர் பதிப்பகம் நடத்துகிறவர். 'அவசர வீட்டு அடுக்களை' என்று தலைப்பே போட்டுவிட்டார். அறுபது குறிப்புகள். அது நன்றாக விற்றால் இரண்டாவது புத்தகம். இரண்டாவதற்கும் பணம் கையில் வந்தால் மருத்துவமனையில் அரை நாள் வேலை போதும் என்பது மருமகளின் கணக்கு.

"நாலரை மணிக்கு நான் வீட்ல இருக்கணும் மாமா. அவ பள்ளிக்கூடக் கதையெல்லாம் நான் வர்றதுக்குள்ள ஆறிப்போயிடுது" என்றாள்.

நான்தான் நாலரைக்கு இருக்கிறேனே என்று சொல்ல வந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எழுதியதைப் படித்துக் காட்டினாள். எட்டாவது குறிப்பு பருப்பு சூப். அதன் கீழே ஒரு வரி: 'மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் மாமனார் குறை சொன்ன சூப்.'

"மூணு இல்லம்மா, நாலு. கடைசியில கிண்ணத்தைச் சாய்ச்சும் குடிச்சாரு" என்றாள் பேத்தி.

என் மகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், புரையேறிச் சிரித்தான். "அப்பாவுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதையும் எழுதிடு."

மூன்று பேர் சிரித்தார்கள். நான் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்குள் மூன்று பேர் சிரித்தால் அது வேடிக்கை. மூவாயிரம் பிரதி அச்சடித்தால் மூவாயிரம் அடுக்களை சிரிக்கும். ஒரு குடும்பத்தின் மானம் கப்பலேறுவதற்கு முன்னால் கப்பலில் ஓட்டை போட வேண்டியது மூத்தவன் கடமை. இதில் கோபம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. வீட்டில் நான் மட்டும். நான் ஓய்வு பெற்றபோது துறையில் ஒரு பித்தளை எடைக்கல் பெட்டி பரிசளித்தார்கள், வெல்வெட் மெத்தையோடு. அதை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தேன். உங்களுக்குத் தெரியாததா? அந்த வகைத் தராசில் அலகுப் பொத்தானை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால், 'ஒரு கிலோ எது என்று காட்டு' என்று கேட்கும். எதை வைக்கிறோமோ அதையே ஒரு கிலோ என்று நம்பிவிடும். நான் ஐந்நூறு, இருநூறு, இன்னொரு இருநூறு வைத்தேன். தொள்ளாயிரம் கிராமை ஒரு கிலோ என்று அது கற்றுக்கொண்டது. கேள்வி கேட்காத மாணவன்.

எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் குறைந்தால் சமையல் கெடாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் அவள் தண்ணீரைக் கோப்பையில் அளப்பாள், எண்ணெயையும் உப்பையும் கரண்டியில், முட்டையை எண்ணிப் போடுவாள். தராசுக்கு வருவது மாவும் பருப்பும் ஓட்ஸும்தான். நான் அதைக் கவனிக்காமல் கை வைக்கவில்லை.

அந்த வாரம் பிஸ்கட் மாவு கையில் ஒட்டியது. சூப் நீர்த்தது. மருமகள் அலட்டிக்கொள்ளவில்லை. "மாவு கொஞ்சம் கூடப் போடணும் போல" என்று சொல்லி நோட்டில் நானூறை அடித்து நானூற்று நாற்பத்தைந்து என்று எழுதினாள். ஒரே வாரத்தில் எல்லாம் பழைய ருசிக்கு வந்துவிட்டது. அவளுக்கு நாக்கு அப்படி. நான் எதிர்பார்த்தது சாப்பாடு கெடும், புத்தகம் நிற்கும் என்று. நடந்தது வேறு. சாப்பாடு நன்றாக இருந்தது. எண்கள் மட்டும் கெட்டன.

அது எனக்கு இன்னும் பொருத்தமாகப் பட்டது. வீட்டில் யார் வயிறும் வாடவில்லை பாருங்கள்.

அடுத்த மாதம் இருநூறில் ஒன்றை எடுத்துவிட்டு நூறு வைத்தேன். எண்ணூறு கிராமில் ஒரு கிலோ. பிஸ்கட் மாவு ஐந்நூறு ஆனது. ஆகவே புத்தகத்தின் முதல் பாதி ஒரு கணக்கிலும், அவள் திருத்திய குறிப்புகளும் பின்பாதியும் வேறொரு கணக்கிலும் பிழை. பிழை சீராக இல்லை என்பது மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல்.

ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தேன். அரை கிலோ மாவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தராசில் வைத்தாள். அறுநூற்று இருபத்தைந்து காட்டியது.

"மாமா, இங்க வாங்களேன். மளிகைக்காரர் கூடப் போட்டுட்டாரா, இல்ல தராசு தப்பா காட்டுதா?"

போய்ப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். "தராசு சரியாத்தான்மா இருக்கு. அவர் நல்ல மனுஷன்" என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் கூடப் போடும் மளிகைக்காரரை நான் ஒரு தெருவிலும் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் சொன்னது நானல்லவா, அடுத்த விநாடியே நம்பினாள். அடுத்த நாள் அந்த மளிகைக்காரருக்கு ஒரு டப்பா ஓட்ஸ் உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அச்சுக்குப் போவதற்கு முன்தினம் என் அறை வாசலில் வந்து நின்றாள். "அந்த சூப் வரியை எடுத்துட்டேன் மாமா. அன்னிக்கே உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்குத்தான் கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றாள். அதோடு ஒரு தாளையும் நீட்டினாள். "அளவெல்லாம் சரிபார்த்தாச்சுன்னு ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். வீட்லயே இப்படி ஒருத்தரை வெச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

இதைக் கவனித்து எழுதுங்கள். அந்த நிமிடம் நான் தராசைச் சரிசெய்து, 'எல்லாத்தையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துடும்மா' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். யோசித்தேன். வரியை எடுத்தவுடன் நான் நிறுத்தினால், அந்த வரிக்காகத்தான் செய்தேன் என்று ஆகிவிடும். குடும்ப கௌரவத்துக்காகச் செய்கிற காரியத்தை அற்ப ரோஷமாக்க எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். பதவியைச் சுருக்காமல் அச்சிடச் சொன்னேன். நான்காம் பக்கத்தில் இருக்கிறது, எழுத்து கொஞ்சம் சிறிது.

புத்தகம் நன்றாக விற்றது. பத்து நாளில் கடிதங்கள் வந்தன. சூப்பில் கரண்டி நட்டால் நிற்கிறது என்று ஒருவர். ஓட்ஸ் உருண்டையைக் குழந்தைகள் கோலி ஆடுகிறார்கள் என்று ஒரு தாய். பிஸ்கட் கடித்துப் பல் உடைந்த ஒருவர், விதி பாருங்கள், மருமகளின் மேசைக்கே வந்து பெயர் பதிந்தார், கையில் புத்தகத்தோடு. "இன்னும் ரெண்டு பதிப்பு போடும்மா, நான் மாடி கட்டிடுவேன்" என்று பல் டாக்டர் சிரித்தாராம். அவள் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பதிப்பகம் பிரதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டது. காரணம் தெரியும்வரை இரண்டாவது புத்தகப் பேச்சு இல்லை என்றது. அதற்குப் பிறகு அவள் சமைப்பதில்லை. மூன்று வாரமாக மகன் வரும் வழியில் பொட்டலம் வாங்கி வருகிறான். ஒருநாள் அடுக்களையில் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என் கை மேலயே எனக்கு சந்தேகமா இருக்கு மாமா. வீட்ல நல்லா வருது, ஊருக்கெல்லாம் கெட்டுப்போகுது. அது எப்படி?"

"வயசாகுதில்லையாம்மா" என்றேன். அவளுக்கு முப்பத்தாறு. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. அந்த வேலி முப்பத்தொரு வருடம் பட்டினியாக நின்றதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நிறுக்கிற அளவுகள் மட்டும் கூடுதலாக இருப்பதைக் கண்டு, தராசுக் கம்பெனி மேல் பதிப்பகம் புகார் கொடுத்ததும் நீங்கள் வந்தீர்கள். ஒரு கிலோவை வைத்தீர்கள், ஆயிரத்து இருநூற்று ஐம்பது காட்டியது. யாராவது பொத்தானைத் தொட்டீர்களா என்று கேட்டீர்கள். அவள் உடனே, "துடைக்கும்போது நான்தான் எதையாவது அழுத்தியிருப்பேன் சார். பாவம், கம்பெனியை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். பதிப்பகத்துக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். அவள் அப்படி எழுதினால் இரண்டாவது புத்தகம் இல்லை. நாலரை மணியும் இல்லை. தெரிந்தேதான் போனாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் கடைக்காரர்களின் நோட்டைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் இது. உங்கள் அறிக்கை தெரிந்தது. 'விவரம் தெரியாத ஒருவர் தவறுதலாகப் பொத்தானை அழுத்தியதால் நேர்ந்த பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

தவறுதலாக யாரும் மிகச் சரியாக எண்ணூறில் போய் நிற்க முடியாது, தம்பி. ஒரு கிராம் கூட இல்லை, ஒரு கிராம் குறைய இல்லை. அதை நீங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும். என் காலத்தில் இப்படி ஒரு அறிக்கையை மேசை மேல் வைத்தால் நான் கிழித்துப் போட்டிருப்பேன். அந்த வரியை அடியுங்கள். 'முழு விவரமும் தெரிந்த ஒருவர், திட்டமிட்டு, இருமுறை, துல்லியமாக' என்று எழுதுங்கள். கீழே என் பெயர், பதவி. கையெழுத்துப் போடுகிறேன்.

இது உங்கள் அலுவலகக் கோப்பில் இருந்தால் போதும், வீட்டுக்குப் பிரதி வேண்டாம். உள்ளே அவள் எழுதும் கடிதத்தையும் தடுக்க வேண்டாம், போகட்டும். இந்தக் குடும்பத்தில் தப்பு செய்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் இருந்ததே இல்லை.