வாசலில் தொண்ணூற்றேழு

— வேண்டாம் அண்ணி. ஜீப்பைத் திருப்பச் சொல்லுங்க, நான் சா... சாங்லிக்கே போயிடறேன்.

— கழுத்துல மாலைகூட வாடலை, அதுக்குள்ள பொறந்த வீடா? என் கூடப்பொறந்த தம்பி அவ்வளவு மோசமா கேதகி?

— அவர் தங்கம். வாசல்ல அவர் பேரை வச்சு ரெண்டு வரிப் பாட்டு கட்டிச் சொல்லணுமே, அதான் பயம். தெருவே நிக்கும். நான் ப... ப...ன்னு நின்னா அத்தை என்ன நினைப்பாங்க? பொண்ணு பாக்க வந்தப்பவே ஒரு வார்த்தை பேசலை. திக்குற பொண்ணு வேண்டாம்னுதான் அவங்க மனசுல இருக்கு.

— எங்கம்மா யார்கிட்டயும் பேச மாட்டா. நீயா முடிவு கட்டாதே.

— அப்போ இந்தச் சடங்கை மட்டும் விட்டுடுங்களேன். நீங்கதானே வாசலை மறிக்கப் போறீங்க?

— அது நடக்காது ராஜாத்தி. பேரைச் சொன்னாத்தான் வழி. பரிதாபப்பட்டு உள்ள விட்டா, காலம் பூரா பரிதாபமாத்தான் பாப்பாங்க. அது கிடக்கட்டும். காலைல மருதாணிக் கையை வச்சுக்கிட்டு ஏதோ முணுமுணுத்தியே, திக்கவே இல்லையே? என்ன மந்திரம்டி அது?

— மந்திரம் இல்ல அண்ணி. தொண்ணூத்தேழாம் வாய்ப்பாடு.

— தொண்ணூத்தேழா! எனக்குப் பதிமூணே தகராறு!

— பள்ளிக்கூடத்துல சாயங்காலம் எல்லாரும் எழுந்து நின்னு முப்பது வரைக்கும் ராகமாச் சொல்லுவோம். அப்போ மட்டும் எனக்குத் தி... திக்காது. அதான் முப்பதோட விடலை. ரெண்டாம் வாய்ப்பாடு சட்டுனு முடிஞ்சிடும். எண் பெருசாக ஆக வார்த்தையும் நீளும், என் குரலை நானே நிறைய நேரம் கேக்கலாம். எருமைக்குத் தண்ணி காட்டறப்போ, சோள ரொட்டி தட்டறப்போன்னு ஒண்ணொண்ணாப் பழகினேன்.

— அதெப்படிடி இவ்வளவும் நினைப்புல நிக்குது?

— நூறைக் கூட்டி மூணைக் கழிச்சா அடுத்தது வந்துடும். முதல்ல விரல் விட்டேன். இப்போ நா... நாக்கே கணக்குப் போட்டுடும்.

— எங்க, சொல்லு பாப்போம்.

— தொண்ணூத்தேழு ஒண்ணு தொண்ணூத்தேழு, ரெண்டு நூத்தித் தொண்ணூத்திநாலு, மூணு இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு, நாலு முந்நூத்தி எண்பத்தெட்டு...

— அடேயப்பா, வாய்க்கால்ல தண்ணி விட்ட மாதிரி ஓடுது! இதுலயே தம்பி பேரைச் செருகிடு. பத்து தொள்ளாயிரத்தி எழுபது, பத்மாகர் கையைப் பிடிச்சா பயம் எங்க எழுவது? எப்படி?

— அண்ணி, நீங்க பெரிய க... கவிஞர்!

— கிண்டலா? வீடு வந்தாச்சு, இறங்கு. நான் முன்னால ஓடி வாசல்ல நிக்கறேன்.

— சுலபா, மெதுவாடி! புதுப்பொண்ணு காலால தள்ளி விட வச்ச அரிசிப் படியைத் தட்டிடாதே, கொட்டிடும்.

— சரி கோதாவரி சித்தி, தள்ளியே நிக்கறேன். ஏய் புதுப்பொண்ணே! பேரைச் சொல்லு, வழியை விடறேன்.

— தொண்ணூத்தேழு ஒண்ணு தொண்ணூத்தேழு, ரெண்டு நூத்தித் தொண்ணூத்திநாலு...

— என்ன சுலபா இது, புருஷன் பேரைக் கேட்டா வாய்ப்பாடு சொல்றா?

— பொறுங்க சித்தி, பேர் வரும்.

— ...ஒம்பது எண்ணூத்தி எழுபத்திமூணு, பத்து தொள்ளாயிரத்தி எழுபது, ப... ப... ப...

— பாவம்டி, முகமே செவந்துபோச்சு. போதும், உள்ள விட்டுடு.

— விட மாட்டேன் சித்தி! கேதகி, நிக்காதே! மேல போ! பதினொண்ணு!

— பதினொண்ணு ஆயிரத்தறுபத்தேழு, பன்னிரண்டு ஆயிரத்தி நூத்தி அறுபத்திநாலு, பதிமூணு ஆயிரத்தி இருநூத்தி அறுபத்தொண்ணு...

— அம்மாடியோ! எங்க வாத்தியாரே பத்தோட நிறுத்திடுவாரு. இவ என்ன, ஏறிக்கிட்டே போறா!

— ...பத்தொம்பது ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பத்திமூணு, இருபது ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி நாப்பது, பத்மாகர் வீட்டுக் கதவு இனி எனக்காகத் திறப்பது!

— சொல்லிட்டா! நான் கட்டின வரிகூட இல்ல, அவளே கட்டிட்டா! என் கண்ணே, உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குடி. அம்மா, கதவுக்குப் பின்னால நின்னு அழுதது போதும். வெளிய வந்து உன் மருமகளை நீயே கூப்பிடு.

— உ... உ... உள்ள வா கே... கேதகி. நான் க... கல்யாணமாகி வந்த அன்னைக்கு எ... என்னைப் பா... பாவம்னு, பேரைச் சொல்ல விடாமலே உள்ள வி... விட்டுட்டாங்க.