கையசைக்காமல் பாடு

இன்ஸ்பெக்டர் சேர், மேனுகாவின் குரலை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் புருஷனும் பெஞ்சாதியும் ஒரே மேடையில் இருப்பவர்கள். அவள் பாடுவாள், நான் வயலின். சங்கீதம் காதுக்குரியது என்றுதான் நான் படித்தேன். வாசிக்கும்போது என் தலைகூட ஆடாது. அவளுக்கோ வலது கை ஓயாது. ஆலாபனை மேலே ஏறினால் வாவியில் வலை எறிகிறவனின் கையைப் போல விரியும். கமகத்துக்கு விரல்கள் நடுங்கும். சனம் பாட்டைக் கேட்பதில்லை, கையைப் பார்க்கிறது.

கையசைக்காமல் பாடு என்று பொறுமையாகத்தான் சொன்னேன். பிறகு வீட்டில் சாதகம் செய்யும்போது கையைத் தொடைக்கடியில் வைத்துப் பாடச் சொன்னேன். அதுவும் சரிவரவில்லை. ஒரு பழைய சால்வையால் கட்டிவிட்டேன், இறுக்கமாக அல்ல. குரல் அடைபட்டுப் போனது.

"கைதான் எனக்கு வழி காட்டுது. நீங்க வில்லைத் தொடாம வாசிப்பீங்களா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

சித்தாண்டிக் கோயில் கச்சேரியில் தோடி ராகம் பாடினாள். வீட்டில் பாடாத ஒரு ராகப் பிடியைத் திடீரென்று எடுத்தாள். என் வில் தடுமாறி நின்றது. அவள் கோபிக்கவில்லை. சிரித்தபடி என் பக்கம் திரும்பி, அதையே மெதுவாகப் பாடி, ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் கையால் காட்டினாள். நான் அந்தக் கையைப் பார்த்து வாசித்தேன். அப்படியே வந்தது. எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள், சேர். எனக்கு.

திரும்பும் வழியில் செங்கலடிச் சந்தியில் தேத்தண்ணிக்கு வேனை நிறுத்தினோம். ஏறும்போது அவள் வாசல் விளிம்பைப் பிடித்திருந்தாள். கை இருப்பது தெரியாமல் நான் கதவை இழுத்ததாக டிரைவர் சொல்லியிருப்பார். மேனுகாவும் அப்படித்தான் சொன்னாளாம். கவனக்குறைவு என்று எழுதவேண்டாம். நான் கவனமில்லாத ஆள் இல்லை. "கொஞ்சம் பொறுங்க" என்று அவள் சொன்னது கேட்டது. முதல் தரம் கதவு சரியாகச் சாத்துப்படவில்லை. திறந்து, திரும்பவும் இழுத்தேன்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை வார்டில், கண்ணை மூடியபடி அதே தோடியை முணுமுணுத்தாள். கட்டுப்போட்ட கை நெஞ்சில் அசையாமல் கிடந்தது. எவ்வளவு சுத்தமான பாட்டு. அப்போது அவளுடைய இடது கை மெல்ல எழும்பியது.

நாளைக்கு அவளுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். என்னைப் போகவிடுங்கள், சேர். அவளைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு ஆர் இருக்கிறார்கள்?